அவுட்போர்டு மோட்டாரில் எரிபொருள் கோளாறு: தொட்டி முதல் கார்புரேட்டர் வரை கண்டறியும் முறை

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பல ஊர்களில் இன்றும் வள்ளங்கள் திறந்த மணற்கரையிலிருந்து அலையை வெட்டிக்கொண்டுதான் கடலில் இறங்குகின்றன. அலை உடையும் இடத்தைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் வள்ளத்தின் பின்புறம் மாட்டிய அவுட்போர்டு மோட்டார் திணறி நின்றால், வள்ளம் குறுக்கே திரும்பி அடுத்த அலையில் கவிழ்ந்துவிடும். துறைமுகம் இருந்தாலும் இந்த ஆபத்து நீங்கிவிடுவதில்லை என்பதைத் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் பறிபோன உயிர்கள் காட்டுகின்றன. ஆகவே எரிபொருள் கோளாறு என்பதை நேர விரயமாகவோ மெக்கானிக் செலவாகவோ மட்டும் பார்க்கக் கூடாது.

மோட்டார் சரியாக ஓடவில்லை என்றதும் மேல்மூடியைக் கழற்றி, எரிபொருளைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பிரிக்கும் பழக்கம் நம் கரைகளில் பரவலாக இருக்கிறது. இது தலைகீழான வரிசை. எரிபொருள் தொட்டியில் தொடங்கி, ஹோஸ், கைப்பம்பு, ஃபில்டர், பம்ப் ஆகியவற்றைக் கடந்து கடைசியாகத்தான் கார்புரேட்டரை அடைகிறது. கோளாறைத் தேடுகிறவரும் அதே வழியில், அதே வரிசையில் நடக்க வேண்டும். பெரும்பாலான எரிபொருள் கோளாறுகள் மோட்டாருக்கு வெளியே, தொட்டிக்கும் ஹோஸை மோட்டாரோடு பொருத்தும் இணைப்பானுக்கும் இடையிலேயே இருக்கின்றன; அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படாது.

டூ-ஸ்ட்ரோக் மோட்டார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றும் மோட்டார்களில், பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேண்டிய ஆயில் எரிபொருளோடு சேர்ந்தேதான் உள்ளே போகிறது. எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறைகிறது; கலவை மெலிந்து எரிவதால் வெப்பமும் கூடுகிறது. எப்படியாவது கரை சேர்ந்துவிடலாம் என்று திணறும் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிவருபவர், பத்து ரூபாய் ஓ-ரிங் (இணைப்பிலுள்ள ரப்பர் வளையம்) கோளாறைப் பிஸ்டன் இறுகும் கோளாறாக மாற்றிவிடுகிறார்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது வள்ளத்தின் அடித்தட்டில் தேங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். எனவே பீடி, தீக்குச்சி, அடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பேட்டரி இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கேனில் எரிபொருள் நிரப்பும்போது அதை வள்ளத்திலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புவதே முறை. உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நல்லது.

ஹோஸில் வாய் வைத்து எரிபொருளை உறிஞ்சும் வழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஒரு மடக்கு தவறிச் சுவாசக் குழாய்க்குள் போனால்கூட நுரையீரல் அழற்சி ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எரிபொருளை இழுப்பதற்குத்தான் கைப்பம்பு இருக்கிறது.

கரையில் வைத்து மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால், கீழ்ப்பகுதி தண்ணீர் நிறைந்த டிரம்மில் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டினாலே குளிர்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கெட்டுவிடக்கூடும்.

கோளாறு எரிபொருளில்தானா?

மோட்டார் நின்ற விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றிருந்தால் பெரும்பாலும் மின்பொறிப் பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் கழன்றிருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். சற்று வேகம் குறைந்து, மீண்டும் ஏறி, இருமி, பிறகு அடங்கியிருந்தால் அது எரிபொருள் பற்றாக்குறையின் அடையாளம்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பல முறை மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்த பிறகும் பிளக்கின் முனை காய்ந்திருந்தால் எரிபொருள் சிலிண்டரை அடையவே இல்லை. நனைந்து சொட்டினால் எரிபொருள் அளவுக்கு மீறி வந்திருக்கிறது, அல்லது வந்தும் பொறி இல்லாமல் எரியவில்லை. ஓடி நின்ற மோட்டாரின் பிளக் வெளுத்துச் சாம்பல் படிந்ததுபோல் இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. கறுத்து ஈரப்பசையோடு இருந்தால் எரிபொருளோ ஆயிலோ கூடியிருக்கிறது. பிளக்கைக் கழற்றிய நிலையில் கயிற்றை இழுக்கும்போது பிளக் வயரை இன்ஜின் உடலோடு சேர்த்துவிட வேண்டும். சிலிண்டர் துளையிலிருந்து தெறிக்கும் ஆவி பறக்கும் பொறியில் பற்றிக்கொள்ளக்கூடும்.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் திணறும்போது செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைச் சற்றே இழுத்துப் பாருங்கள். வேகம் கூடினால் மோட்டார் எரிபொருளுக்கு ஏங்குகிறது என்று பொருள்; இன்னும் மோசமாகி அடங்கினால் எரிபொருள் ஏற்கெனவே அதிகமாக இருக்கிறது, அல்லது கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

தொட்டி

முதலில் மூடியின் காற்றுத் திருகைப் பாருங்கள். எரிபொருள் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். திருகு மூடியிருந்தால் மோட்டார் சில நிமிடங்கள் நன்றாகவே ஓடும். பிறகு தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். பிளாஸ்டிக் தொட்டியின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கியிருப்பது இதற்கு உறுதியான சான்று. மூடியைத் திறந்ததும் காற்றை உறிஞ்சும் ஓசை கேட்டால் வேறெதையும் தேடத் தேவையில்லை. திருகு திறந்திருந்தும் உப்புப் படிந்து துளை அடைத்திருக்கலாம் என்பதால், அதைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்திப் போடுவது நல்லது.

இரண்டாவது, தண்ணீர். தொட்டியின் அடியிலிருந்து ஒரு சிறிய அளவை நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துப் பதினைந்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தண்ணீரைவிட இலேசானவை. ஆகவே தண்ணீர் அடியில் தனிப் படலமாகவோ முத்துகளாகவோ தெரியும். இந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. ஒவ்வொரு முறை புதிய கேன் திறக்கும்போதும் செய்யத் தகுந்தது.

எத்தனால் கலந்த பெட்ரோலில் சிக்கல் இன்னும் ஆழமானது. இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். கடற்கரையின் ஈரக் காற்றில் திறந்து கிடக்கும் கேன் மெல்ல மெல்ல ஈரத்தை இழுக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஆயில் மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிட, தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சும் குழாய் ஆயிலற்ற அந்த அடிக்கலவையை மோட்டாருக்கு அனுப்பும். குலுக்கிக் கலக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. அப்படிப் பிரிந்த எரிபொருள் மோட்டாருக்கு உதவாது. அதை மணலிலோ கடலிலோ கொட்டாமல் தனிக் கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் பணிமனையில் ஒப்படையுங்கள்.

மூன்றாவது, மணல். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் எவ்வளவு நுண்ணியது, எவ்வளவு கனமானது என்பது அந்தக் கரையில் வலை உலர்த்துபவர்களுக்குத் தெரியும். காற்றடிக்கும் கரையில் மூடியைத் திறந்து வைத்து எரிபொருள் ஊற்றினால், அந்த மணல் தொட்டிக்குள் போய் அடியில் படியும். உறிஞ்சு குழாயின் முனையிலுள்ள வலைச் சல்லடையைக் கழற்றிப் பார்த்தால் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருப்பது தெரியும். சல்லடையைப் பெட்ரோலில் அலசி, தொட்டியைக் கவிழ்த்துச் சுத்தமாக்க வேண்டும். நுண் வலை பொருத்திய புனல் வழியாக மட்டுமே ஊற்றுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் இந்த வேலை மீண்டும் வராது.

கடைசியாக ஆயில் அளவு. 50-க்கு 1 என்ற விகிதத்தைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்தால், 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லிலிட்டர் ஆயில் சேரும். உங்கள் மோட்டாரின் கையேட்டில் வேறு விகிதம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கண்ணளவாக ஊற்றுவதைத் தவிர்த்து, கோடுகள் இட்ட அளவுக் குவளையைப் பயன்படுத்துங்கள். பைக்குக்கான 2டி (2T) ஆயில் காற்றால் குளிரும் இன்ஜின்களுக்கானது. கடல்நீரால் குளிரும் மோட்டாருக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) தரக் குறியீடு உள்ள ஆயிலே பொருந்தும்.

ஹோஸும் கைப்பம்பும்

இந்த இடத்தில் பொறுமையாக நேரம் செலவழியுங்கள். தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவிலுள்ள கைப்பம்பு, அதாவது ரப்பர் பல்ப், எரிபொருளை ஏற்றும் கருவி மட்டுமன்று. எந்தப் பக்கத்தில் கோளாறு என்பதை, மருத்துவர் தொட்டுப் பார்க்கும் நாடிபோல அது கைக்குக் காட்டிவிடும்.

பல்பின் மேலுள்ள அம்புக்குறி மோட்டாரை நோக்கி இருக்க வேண்டும். மோட்டார்ப் பக்கத்து முனை மேலே இருக்கும்படி பல்பை நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள். உள்ளிருக்கும் வால்வுகள் அப்போதுதான் ஒழுங்காக அமரும். சில அழுத்தல்களுக்குப் பிறகு பல்ப் இறுகி நின்றால், எரிபொருள் கார்புரேட்டர் வரை ஏறிவிட்டது.

எவ்வளவு அழுத்தியும் இறுகவில்லை என்றால், தொட்டிக்கும் பல்புக்கும் இடையில் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பல்பின் வால்வு பழுதாகிவிட்டது, அல்லது எரிபொருள் எங்கேயோ வெளியேறுகிறது. கார்புரேட்டரிலிருந்து எரிபொருள் வழிந்தால் உள்ளே எரிபொருள் வரவை அடைக்கும் மிதவை ஊசி மூடவில்லை என்று கொள்ளலாம். அழுத்திய பல்ப் திரும்ப உப்பாமல் சப்பையாகவே கிடந்தால் அடைப்பு தொட்டிப் பக்கத்தில் இருக்கிறது: காற்றுத் திருகு, சல்லடை, அல்லது மடங்கிய ஹோஸ். பல்ப் கல்போல் இறுகியும் மோட்டாருக்கு எரிபொருள் போகவில்லை என்றால் அடைப்பு மோட்டார்ப் பக்கத்தில் இருக்கிறது.

ஓடும்போதும் இந்தச் சோதனையைச் செய்யலாம். மோட்டார் திணறும் நேரத்தில் ஒருவர் பல்பைத் தொடர்ந்து அழுத்தட்டும். அழுத்தும்வரை வேகம் திரும்பிவந்து, நிறுத்தியதும் மீண்டும் சரிந்தால், மோட்டாரின் பம்ப் தளர்ந்திருக்கிறது அல்லது வரும் வழியில் காற்று கலக்கிறது. எவ்வளவு அழுத்தியும் மாற்றமில்லை என்றால் கார்புரேட்டரையும் பொறியையும் பார்க்க வேண்டும்.

காற்று எங்கே நுழைகிறது என்பதைக் கண்ணால் காண, எரிபொருள் தாங்கும் ஒளிபுகும் குழாயில் ஒரு சாண் நீளத்தை மோட்டாருக்கு அருகில் தற்காலிகமாக இணைத்து டிரம்மில் ஓட்டுங்கள். அதில் குமிழிகள் ஓடிவந்தால் இணைப்புகளை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். இணைப்பானின் ஓ-ரிங் வெயிலிலும் உப்பிலும் வெகு விரைவில் வெடிக்கும். கிளிப்புகள் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். ஹோஸ் வெளியே புதிதுபோல் தெரிந்தாலும் உள்தோல் பிரிந்து வழியை அடைத்திருக்கலாம். பழைய ரப்பரை எத்தனால் கலந்த பெட்ரோல் இளக்கிவிடும் என்பதால் இப்போது இது அதிகம் காணப்படுகிறது. மெதுவாக ஓடும்போது கோளாறு தெரியாமல், முழு வேகம் கொடுத்ததும் திணறும் மோட்டாருக்கு இதுவும் ஒரு காரணம். சந்தேகம் இருந்தால் பழுது பார்க்க முயலாமல் ஹோஸையும் பல்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இதுவரை சொன்ன அனைத்தையும் ஒரே வீச்சில் சோதிக்கும் வழியும் இருக்கிறது. நன்றாக ஓடும் மற்றொரு வள்ளத்தின் தொட்டியையும் ஹோஸையும், இணைப்பான் பொருந்துமானால், இரவல் வாங்கி உங்கள் மோட்டாரில் இணைத்துப் பாருங்கள். மோட்டார் சீராக ஓடினால் கோளாறு உங்கள் தொட்டியிலோ ஹோஸிலோதான். பழையபடியே திணறினால், அப்போதுதான் மேல்மூடியைக் கழற்ற வேண்டிய தேவை வருகிறது.

ஃபில்டரும் பம்பும்

மோட்டாருக்குள் சிறிய ஃபில்டர் கிண்ணம் இருக்கும். அதைக் கழற்றி, அடியில் தண்ணீரோ துருவோ மணலோ இருக்கிறதா என்று பாருங்கள். வலை கிழிந்திருந்தால் கழுவிப் பயனில்லை; புதிது போடுங்கள்.

டூ-ஸ்ட்ரோக் மோட்டாரின் எரிபொருள் பம்ப், பிஸ்டனுக்குப் பின்னுள்ள கிராங்க் அறையின் அழுத்த மாற்றத்தால் துடிக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வால் இயங்குகிறது. இதைச் சோதிக்கப் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பை எடுத்துவிட்டு, பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, கயிற்றை இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் எரிபொருள் துடிப்பாக வர வேண்டும். வரவில்லை என்றால் டயாபிரம் விறைத்திருக்கும், அல்லது அதன் சிறு வால்வுகள் சுருண்டிருக்கும். டயாபிரம் கிழிந்தால் எரிபொருள் நேராகக் கிராங்க் அறைக்குள் கசிந்து, ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் திரும்பத் திரும்ப நனையும், புகையும் கூடும். பழுதுநீக்கு செட் கடையில் கிடைக்கிறது. தகடுகளும் கேஸ்கெட்டும் எந்த வரிசையில் இருந்தன என்பதைப் பிரிக்கும் முன் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர்

மெதுவான ஓட்டத்தில் நின்றுபோய், வேகத்தில் நன்றாக ஓடினால் பைலட் ஜெட் (மெதுவான ஓட்டத்துக்கு எரிபொருள் தரும் நுண்துளை) அடைத்திருக்கும். மெதுவாக நன்றாக ஓடி, வேகத்தில் திணறினால், முன்பகுதிகள் எல்லாம் சரியாக இருக்கும்பட்சத்தில், வேக ஓட்டத்துக்கான மெயின் ஜெட்டைப் பாருங்கள்.

பிரிப்பதற்கு முன் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி உள்ளிருக்கும் எரிபொருளைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தண்ணீர் முத்துகள் தெரிந்தால், வடித்துவிட்டுப் புதிய எரிபொருளை ஏற்றினாலே மோட்டார் சரியாகலாம். பச்சையாகவோ வெள்ளையாகவோ படிவு இருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்தாக வேண்டும்.

மெதுவான ஓட்டத்தின் கலவையைச் சரிசெய்யும் பைலட் திருகைக் கழற்றும் முன், அதை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெட் துளையைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, கம்பி துளையைப் பெரிதாக்கிவிட்டால் அந்த ஜெட் பிறகு எப்போதும் சரியான அளவில் எரிபொருள் தராது. கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, காற்றழுத்தத்தால் ஊதினால் போதும். பிடிவாதமான அடைப்புக்கு மெல்லிய நைலான் தூண்டில் நரம்பின் முனையைப் பயன்படுத்தலாம். மிதவை ஊசியின் கூம்பில் வளையம்போல் தேய்மானம் தெரிந்தால் ஊசியை மாற்றுங்கள். ரப்பர், பிளாஸ்டிக் உறுப்புகளைக் கிளீனரில் ஊறவிடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் இருந்தால் ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் கலக்காமல் தனித்தனித் தட்டில் வையுங்கள்.

கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் செலுத்தும் ஊசிகள் (இன்ஜெக்டர்) கொண்ட ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார்களில் மோட்டாருக்குள் உயர் அழுத்தப் பம்பும் குழாய்களும் உள்ளன. அவற்றில் தொட்டி, ஹோஸ், பல்ப், வெளி ஃபில்டர் ஆகியவற்றை மட்டும் நீங்கள் பாருங்கள். அழுத்தமுள்ள குழாயைத் திறப்பது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

மண்ணெண்ணெய் மோட்டார்களுக்குத் தனிக் கவனம்

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த மோட்டார் அதில் கிளம்பாது. பெட்ரோலில் கிளப்பி, மோட்டார் சூடான பிறகு திருப்பு வால்வை மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லோரும் செய்வதே. பலர் தவறவிடுவது இறுதிக் கட்டத்தை: மோட்டாரை நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கிண்ணத்தில் இருக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை ஓட்ட வேண்டும். வலை வளைத்துவிட்டு அப்படியே நிறுத்தினால், அடுத்த முறை கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் பிளக் நனையுமே தவிர மோட்டார் கிளம்பாது. இந்த நிலையில் கிண்ணத்தை வடித்து, பிளக்கைத் துடைத்து உலர்த்தி, பெட்ரோலை ஏற்றி, சோக் இல்லாமல் இழுக்க வேண்டும்.

திருப்பு வால்வின் உள் சீல் தேய்ந்தால் மண்ணெண்ணெய் பெட்ரோல் வழியில் கசியும். பெட்ரோல் நிலையில் வைத்த பிறகும் கிளப்புவது நாளுக்கு நாள் கடினமாகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். இரண்டு தொட்டிகளுக்கும் தனித்தனிக் காற்றுத் திருகு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. மண்ணெண்ணெய்க்கு மாற்றிச் சிறிது நேரத்தில் நிற்கும் மோட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தொட்டியின் திருகுதான்.

நீண்ட நேரம் மிக மெதுவாக ஓட்டினால் மண்ணெண்ணெய் முழுமையாக எரியாமல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் கரி படியும். மாற்றுப் பிளக் இல்லாமல் மண்ணெண்ணெய் மோட்டாரைக் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட மோட்டாரில் விலை குறைவு என்று மண்ணெண்ணெய் ஊற்றவும் கூடாது. மண்ணெண்ணெயின் ஆக்டேன் அளவு, அதாவது தட்டாமல் எரியும் திறன், குறைவு. அதற்கேற்ப அழுத்த விகிதம் குறைக்கப்படாத இன்ஜினில் அது தட்டி எரிந்து பிஸ்டனைச் சேதப்படுத்தும்.

கடலில் நின்றுவிட்டால்

வள்ளம் பாறையை நோக்கியோ அலை உடையும் இடத்தை நோக்கியோ ஒதுங்குகிறது என்றால், மோட்டாரைத் தொடும் முன் நங்கூரம் போடுங்கள். பிறகு பாதுகாப்புக் கிளிப், காற்றுத் திருகு, தொட்டியில் எரிபொருள், வலைக்கோ கேனுக்கோ அடியில் நசுங்கிய ஹோஸ், இணைப்பான், பல்ப் என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மாற்றுக் கேனுக்கு ஹோஸை மாற்றுங்கள். எரிபொருள் வழிந்து பிளக் நனைந்திருந்தால் பிளக்கை உலர்த்திப் போட்டு, சோக்கை முழுதும் உள்ளே தள்ளி, வேகம் கூட்டும் திராட்டிலைத் திறந்து வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும்.

ஆடும் வள்ளத்தில் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம். ஒரு ஜெட் கடலில் விழுந்தால் இருந்த வழியும் அடைபடும். விஎச்எஃப் (VHF) வானொலிக் கருவியின் 16-ஆம் அலைவரிசையில் அருகிலுள்ள வள்ளங்களுக்கு நிலையைச் சொல்லுங்கள். போன் சிக்னல் கிடைத்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைக்கலாம். இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், பல்போடு கூடிய ஒரு ஹோஸ், சில ஓ-ரிங், கிளிப், ஸ்குரூ டிரைவர், ஒரு ஃபில்டர், கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பாட்டில் ஆகியவை நீர் புகாத டப்பாவில் எப்போதும் வள்ளத்தில் இருக்கட்டும்.

வள்ளம் கரையேறிக் கிடக்கும் நாட்களில்

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஆனி, ஆடியில் கடல் சீறும்போது வள்ளங்கள் வாரக்கணக்கில் மணலில் கிடக்கின்றன. அப்போது கார்புரேட்டரில் தேங்கும் எரிபொருள் ஆவியாகிப் பிசினாகப் படிந்து, நுண்ணிய பைலட் ஜெட்டை முதலில் அடைக்கிறது. ஆகவே கரையேற்றும் நாளிலேயே ஹோஸைக் கழற்றி, டிரம் தண்ணீரில் மோட்டாரை மெதுவான ஓட்டத்தில் விட்டு அடங்கச் செய்து, கிண்ணத்தின் அடித் திருகு வழியாக மீதியையும் வடித்துவிடுங்கள். தொட்டியைக் காலி செய்து, உலர்த்தி, மூடி வையுங்கள். பாதி நிரம்பிய தொட்டியில் இரவுக் குளிரில் ஈரம் பனித்துத் தண்ணீராகச் சேரும்.

மீண்டும் இறக்கும்போது பழைய கேனில் மிஞ்சியதைப் பயன்படுத்தாமல் புதிய எரிபொருள் வாங்கி, பாட்டில் சோதனை செய்து, டிரம்மில் மெதுவான ஓட்டத்தைச் சரிபாருங்கள். டிரம்மில் முழு வேகத்தைச் சோதிக்க இயலாது. எனவே அலை அமைந்த ஒரு காலையில், துணைக்கு இன்னொரு வள்ளம் அருகில் இருக்க, வலை ஏற்றாமல் இறங்கி, பத்து நிமிடமாவது முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, கரைக்குத் திரும்பி ஃபில்டர் கிண்ணத்தை மறுபடி ஒருமுறை திறந்து பார்த்த பிறகே தூரக் கடலுக்குப் போக வேண்டும்.